எது டிடெக்டரைத் தொடுகிறது? ரேடியோகிராபி மாணவர்களுக்கான பொசிஷனிங் சொற்கள்

சீட்டில் ‘எக்ஸ்ரே ரைட் லெக், ஏ.பி. அண்ட் லேட்டரல்’ என்று எழுதியிருக்கிறது: வலது காலை முன்னிருந்து பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நோயாளி தொடையைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறார். உடற்கூறியலில் லெக் என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே. தொடைக்குப் பெயர் தை, அதன் எலும்பு ஃபீமர். சீட்டின்படி எடுத்தால் அடிபட்ட இடம் படத்தில் வராது. நோயாளி காட்டும் இடத்தை எடுத்தால் மருத்துவர் கேட்காததை எடுத்ததாகிவிடும். எழுதிய மருத்துவரைக் கேட்டுச் சீட்டைத் திருத்தி வாங்குவதே வழி. ஆனால் ‘கேட்க வேண்டும்’ என்று உங்களுக்குத் தோன்றவே அந்தச் சொல்லின் எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் பேசும் நோயாளியிடம் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ‘கை’ என்றால் நமக்குத் தோளிலிருந்து விரல்நுனி வரை. பாடத்திலோ அது மூன்று துண்டு: தோள் முதல் முழங்கை வரை ஆர்ம், முழங்கை முதல் மணிக்கட்டு வரை ஃபோர்ஆர்ம், அதற்கப்பால் ஹேண்ட். ‘இடுப்பு வலி’ என்பவர் பெரும்பாலும் கை வைப்பது முதுகின் அடியில், லம்பார் முதுகெலும்பின் மேல். உண்மையிலேயே ஹிப் மூட்டு வலிப்பவர் தொடை இடுக்கைக் காட்டுவார். ‘முட்டி’ சிலருக்கு முழங்கால், சிலருக்கு முழங்கை, வேறு சிலருக்கு விரல் கணு. அதனால் ‘எங்க வலிக்குது?’ என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். ‘வலிக்கிற எடத்த ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க’ என்று சொல்லுங்கள். உள்ளங்கையால் தடவிக் காட்டினால் அரை அடி நீளம் வந்துவிடும். ஒரு விரல் என்றால் இடம் பிடிபடும்.

இனி வரும் சொற்களை அகராதிபோல் மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த வாரமே மறந்துவிடும். பொசிஷனிங்கில், அதாவது படத்துக்காக நோயாளியை நிறுத்தும், படுக்கவைக்கும் முறையில், ஒவ்வொரு சொல்லும் ஓர் உத்தரவு. நோயாளியின் எந்தப் பக்கம் படத்தைப் பதியும் டிடெக்டரைத் தொட வேண்டும்? கதிர் எங்கே நுழைந்து எங்கே வெளியேற வேண்டும்? எந்தச் சொல்லைக் கண்டாலும் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேசட் வைத்து எடுக்கும் இடங்களில் டிடெக்டர் என்று வருமிடமெல்லாம் கேசட் என்று படித்துக்கொள்ளலாம்.

எல்லாம் தொடங்கும் நிலை

அனாடமிக்கல் பொசிஷன் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு நிலை. ஆள் நிமிர்ந்து நிற்கிறார், முகம் நேர் எதிரே, கைகள் உடலோரம் தொங்குகின்றன, உள்ளங்கைகள் முன்னோக்கித் திரும்பியிருக்கின்றன, பாதங்கள் சேர்ந்து விரல்கள் முன்னோக்கி இருக்கின்றன. நோயாளி மல்லாந்து கிடந்தாலும் சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தாலும், உறுப்புகளுக்குத் திசை சொல்வது இந்த நிலையை மனதில் வைத்துத்தான்.

இதில் மாணவர்கள் விட்டுவிடுவது உள்ளங்கையை. உள்ளங்கை முன்னோக்கி இருப்பதால் கட்டைவிரல் உடலுக்கு வெளிப்பக்கம் வருகிறது. ஆகவே கட்டைவிரலும் அந்தப் பக்கத்து ஃபோர்ஆர்ம் எலும்பான ரேடியஸும் லேட்டரல் (வெளிப்பக்கம்), சுண்டுவிரலும் அந்தப் பக்கத்து எலும்பான அல்னாவும் மீடியல் (உட்பக்கம்). மேசைமேல் உள்ளங்கை கீழே படிய வைத்த கையைப் பார்த்தால் கட்டைவிரல் உட்பக்கம் இருப்பதுபோல் தெரியும். கண்ணை நம்பி அதை மீடியல் என்று எழுதினால் தவறு.

வலம், இடம் எப்போதும் நோயாளியுடையவை. மானிட்டரில் படத்தைப் பார்க்கும்போது அவர் உங்கள் எதிரே நிற்பதாக வைத்துக்கொள்கிறோம். அவருடைய வலப்பக்கம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். ஏ.பி. எடுத்தாலும் பி.ஏ. (பின்னிருந்து முன்னாக) எடுத்தாலும் மார்பும் வயிறும் இப்படித்தான் காட்டப்படும். சி.டி.யின் குறுக்குவெட்டுப் படங்களிலும் இதே ஏற்பாடு, நோயாளியின் கால்மாட்டில் நின்று மேல்நோக்கிப் பார்ப்பதுபோல. கையும் பாதமும் மட்டும் வேறு: விரல்நுனி மேலே இருக்கும்படி, கதிரை வெளியிடும் டியூப் பார்த்த பக்கத்திலிருந்தே பார்ப்பது வழக்கம்.

திசைச் சொற்கள்

முன்புறம் ஆன்டீரியர், பின்புறம் போஸ்டீரியர். தலைப்பக்கம் சுப்பீரியர், கால்பக்கம் இன்ஃபீரியர். உடலின் நடுக்கோட்டுக்கு அருகே மீடியல், விலகி லேட்டரல். ஒரே பக்கத்தது இப்சிலேட்டரல், எதிர்ப்பக்கத்தது கான்ட்ராலேட்டரல். இவற்றில் யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாறுவது பிராக்சிமல், டிஸ்டல் இரண்டிலும். கைகால்களுக்கு உடலோடு சேரும் இடம்தான் தொடக்கம். அதற்கு அருகே பிராக்சிமல், தொலைவில் டிஸ்டல். கை ஊன்றி விழுந்தவரின் டிஸ்டல் ரேடியஸ் முறிவு மணிக்கட்டுப் பக்கம் இருக்கும், முழங்கைப் பக்கம் அல்ல. நீண்ட எலும்பை எடுக்கும்போது முறிவுக்கு அருகிலுள்ள மூட்டாவது படத்தில் வந்தாக வேண்டும். முதல் முறை எடுக்கும்போது இரண்டு மூட்டுகளும் வருவது நல்லது. எந்த மூட்டு அருகில் என்று முடிவு செய்ய இந்த இரண்டு சொற்களும் வேண்டும்.

இன்னொரு கண்ணி, டார்சம். கையில் டார்சம் என்றால் புறங்கை, அதாவது பின்புறம். பாதத்தில் டார்சம் என்றால் செருப்பு வார் படும் மேற்பரப்பு. அடிப்பாதம் பிளான்டர், உள்ளங்கை பால்மர். பாதத்துக்கு ஏ.பி. என்று எழுதியிருந்தாலும் டார்சோபிளான்டர் என்று எழுதியிருந்தாலும் ஒன்றுதான்: கதிர் மேற்பாதத்தில் நுழைந்து அடிப்பாதத்தில் வெளியேறுகிறது, அடிப்பாதம் டிடெக்டரைத் தொடுகிறது. கைக்கு வழக்கமாக எடுப்பது பி.ஏ.; புறங்கையில் நுழைந்து உள்ளங்கையில் வெளியேறும்.

செஃபலாட், காடாட் இரண்டும் கதிரின் சாய்வுக்கு உரியவை. தலையை நோக்கிச் சாய்த்தால் செஃபலாட், காலை நோக்கிச் சாய்த்தால் காடாட். இவற்றுக்குப் பின்னால் திரும்பி வருவோம்.

தளங்கள், தலையின் கோடுகள்

சாஜிட்டல் தளம் உடலை இடம், வலமாகப் பிரிக்கும். சரிபாதியாகப் பிரிப்பது மிட்சாஜிட்டல். கொரோனல் தளம் முன், பின்னாகப் பிரிக்கும். அக்குளின் நடுவழியாகப் போவது மிட்கொரோனல். குறுக்கே வெட்டுவது டிரான்ஸ்வர்ஸ். பொசிஷனிங்கில் இவற்றின் பயன் எளிது. ஏ.பி., பி.ஏ. எடுக்கும்போது மிட்சாஜிட்டல் தளம் டிடெக்டருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். லேட்டரலில் அதே தளம் டிடெக்டருக்கு இணையாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று பிசகினால் அதற்குப் பெயர் ரொட்டேஷன்.

தலைக்கு இது போதாது. கண்ணின் வெளிமுனையிலிருந்து காதுத்துளை வரை இழுக்கும் கோடு ஆர்பிட்டோமீட்டல் கோடு. கண்குழியின் கீழ்விளிம்பிலிருந்து காதுத்துளை வரை இழுப்பது இன்ஃப்ராஆர்பிட்டோமீட்டல் கோடு. இரண்டுக்கும் இடையே சுமார் 7 டிகிரி வேறுபாடு. அற்பமாகத் தோன்றும் இந்த 7 டிகிரிதான், பின்தலை எலும்பைக் காட்டும் டவுன் முறையில் கைகொடுக்கிறது. நோயாளி தாடையை மார்போடு நன்றாகச் சேர்த்து ஆர்பிட்டோமீட்டல் கோட்டை டிடெக்டருக்குச் செங்குத்தாக்க முடிந்தால் கதிர் 30 டிகிரி காடாட். கழுத்துத் தடித்தவர், முதியவர் அவ்வளவு குனிய முடியாது. அப்போது இன்ஃப்ராஆர்பிட்டோமீட்டல் கோட்டைச் செங்குத்தாக்கி 37 டிகிரி கொடுக்கிறோம். தலை விட்டுக்கொடுத்த 7 டிகிரியை டியூப் ஈடுகட்டுகிறது. 30, 37 என்று இரண்டு எண்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

படுக்கை நிலைகள்

சுபைன் என்றால் மல்லாந்து. புரோன் என்றால் குப்புற. லேட்டரல் ரிகம்பென்ட் என்றால் ஒருக்களித்து. நிமிர்ந்து நின்றாலும் உட்கார்ந்தாலும் எரெக்ட். தமிழில் மூன்று படுக்கைக்கும் மூன்று தனிச்சொல் இருப்பது நமக்கு வசதி. நோயாளியிடம் அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள்.

அறுவைசிகிச்சை மருத்துவர்கள் பெயரில் வழங்கும் மூன்று நிலைகளும் அடிக்கடி காதில் விழும். தலை தாழ்ந்து கால் உயர்ந்தால் டிரெண்டலன்பர்க். தலை உயர்ந்து சாய்ந்திருந்தால் ஃபவுலர். இடப்பக்கமாகச் சற்றுக் குப்புறச் சாய்ந்து வலது தொடையையும் முழங்காலையும் மடக்கியிருந்தால் சிம்ஸ். பெருங்குடலைப் படமெடுக்கும் பேரியம் எனிமாவுக்குக் குழாய் செருக அந்த நிலை. வார்டில் மொபைல் மெஷினில் மார்பு எடுக்கும்போது நோயாளி பெரும்பாலும் ஃபவுலரில்தான் இருப்பார். அதைப் படத்தில் ‘செமி எரெக்ட்’ என்று குறித்துவிடுங்கள். காரணம் டெகுபிட்டஸ் பகுதியில் வரும்.

புரொஜெக்‌ஷன், பொசிஷன், வியூ

நம் மருத்துவமனைச் சீட்டுகளில் எல்லாமே ‘வியூ’தான்: பி.ஏ. வியூ, லேட்டரல் வியூ. அமெரிக்கப் பாடமுறை இவற்றைப் பிரித்து வைக்கிறது. கதிர் போகும் வழி புரொஜெக்‌ஷன், உடல் இருக்கும் நிலை பொசிஷன், டிடெக்டர் கண்ட காட்சி வியூ. பேச்சில் கலந்து சொல்வதை யாரும் மாற்றப்போவதில்லை. நீங்கள் மனதில் பிரித்து வைத்திருந்தால் போதும்.

பி.ஏ. என்றால் கதிர் முதுகில் நுழைந்து முன்புறம் வெளியேறுகிறது. எனவே முன்புறம் டிடெக்டரைத் தொடும். ஏ.பி. இதற்கு நேர் எதிர். எழுத்துகளின் வரிசையே கதிரின் வழி; கடைசி எழுத்து டிடெக்டரைத் தொடும் பக்கம்.

மார்புக்கு ஏன் பி.ஏ.? இதயம் மார்பின் முன்பாதியில் இருக்கிறது. முன்புறம் டிடெக்டரோடு ஒட்டினால் இதயத்துக்கும் டிடெக்டருக்கும் இடைவெளி குறையும், நிழல் பெரிதாகாது. கணக்கு எளிது. டியூபிலிருந்து டிடெக்டர் வரையுள்ள தூரத்தை, டியூபிலிருந்து உறுப்பு வரையுள்ள தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 100 செ.மீ. தூரத்தில், டிடெக்டரிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருக்கும் உறுப்பு 100/90, அதாவது 1.11 மடங்காகும். 180 செ.மீ. என்றால் 180/170, அதாவது 1.06 மடங்கு. மார்புக்கு 180 செ.மீ. வைப்பதும் இதற்கே. கழுத்து லேட்டரலில் தோள் இடிப்பதால் இடைவெளி 25 செ.மீ.கூட ஆகலாம், 100 செ.மீ.யில் அது 1.33 மடங்கு, 180 செ.மீ.யில் 1.16. டியூபிலிருந்து டிடெக்டர் வரையுள்ள தூரத்தைச் சிலர் எஃப்.எஃப்.டி. என்பார்கள், சிலர் எஸ்.ஐ.டி. என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

வார்டில் ஏ.பி. எடுத்துவிட்டு அதைக் குறிக்காமல் அனுப்பினால், பெரிதாகத் தெரியும் இதயத்தை நோய் என்று எண்ண இடமுண்டு. ‘ஏ.பி.’ என்ற இரண்டு எழுத்தைப் படத்தில் போடச் சோம்பல்படாதீர்கள்.

லேட்டரலுக்குப் பெயர் டிடெக்டரைத் தொடும் பக்கத்தால். இடப்பக்கம் ஒட்டியிருந்தால் லெஃப்ட் லேட்டரல். சீட்டில் வேறு குறிப்பு இல்லையென்றால் மார்புக்கு லெஃப்ட் லேட்டரல், காரணம் மறுபடியும் இதயம். கைகால்களில் மட்டும் எந்தப் பரப்பில் கதிர் நுழைகிறது என்று சேர்த்துச் சொல்வதுண்டு: மீடியோலேட்டரல், லேட்டரோமீடியல். எலும்பு முறிவுக்கு ஒரே படம் போதாது. ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இரண்டாவது வேண்டும். ஒரு திசையில் நேராகத் தெரியும் எலும்பு மறுதிசையில் விலகி நிற்கலாம்.

ஓப்ளிக்: எல்லோரும் குழம்பும் இடம்

உடலைச் சாய்வாகத் திருப்பி எடுப்பது ஓப்ளிக். நான்கு பெயர்கள்: ஆர்.ஏ.ஓ., எல்.ஏ.ஓ., ஆர்.பி.ஓ., எல்.பி.ஓ. விதி ஒன்றே. முதல் இரண்டு எழுத்துகள் டிடெக்டரைத் தொடும் உடல்மூலையின் பெயர். ஆர்.ஏ.ஓ. என்றால் வலது முன்மூலை தொடுகிறது. எல்.பி.ஓ. என்றால் இடது பின்மூலை தொடுகிறது. கதிர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயர் சொல்வதில்லை. தொடும் மூலையிலிருந்து நீங்களே கண்டுகொள்ள வேண்டும்.

வகுப்பறையிலேயே பழகலாம். சுவரை டிடெக்டராக வைத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பார்த்து நின்று, இடது தோளைப் பின்னுக்கு இழுங்கள். வலது மார்பு சுவரில் ஒட்டியிருக்கிறது: ஆர்.ஏ.ஓ. இப்போது அறை நடுவிலிருக்கும் டியூபை நோக்கியிருப்பது உங்கள் இடது முதுகு. உடலை அப்படியே வைத்துக்கொண்டு டியூபும் சுவரும் இடம் மாறியதாக நினைத்துப் பாருங்கள். இடது முதுகு டிடெக்டரைத் தொடும், பெயர் எல்.பி.ஓ. ஆகிவிடும். உடல் துளிகூட அசையவில்லை. ஆர்.ஏ.ஓ.வும் எல்.பி.ஓ.வும் ஏறத்தாழ ஒரே உறுப்புகளைக் காட்டுவது இதனால்தான். எது பெரிதாகிறது என்பது மட்டும் மாறும். அதேபோல் எல்.ஏ.ஓ.வுக்கு ஜோடி ஆர்.பி.ஓ. முதுகு வலியால் குப்புறப் படுக்க முடியாதவருக்கு ஜோடியை வைத்து வேலையை முடிக்கலாம்.

மார்பெலும்புக்கு ஆர்.ஏ.ஓ., 15 முதல் 20 டிகிரி. நேராக எடுத்தால் முதுகெலும்பு மறைத்துவிடும். சற்றே திருப்பினால் மார்பெலும்பு முதுகெலும்பிலிருந்து விலகி இதயத்தின் சீரான நிழல்மேல் விழும், அந்தப் பின்னணியில் தெளிவாகத் தெரியும். மார்பு தடித்தவருக்கு 15, ஒல்லியானவருக்கு 20. இது தலைகீழாக இருப்பதாகத் தோன்றும். தடித்த மார்பில் மார்பெலும்பு முதுகெலும்பிலிருந்து தொலைவில் இருப்பதால் சிறிது திருப்பினாலே நிறைய விலகிவிடும்.

லம்பாருக்கு சுமார் 45 டிகிரி. ஆர்.பி.ஓ.வில் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபேசட் மூட்டுகளில் வலப்பக்கத்தவை, அதாவது டிடெக்டர் பக்கத்தவை தெரியும். கழுத்துக்கும் 45 டிகிரிதான், ஆனால் அங்கே பார்ப்பது நரம்புத்துளைகளை, ஆர்.பி.ஓ.வில் தெரிவது இடப்பக்கத்துத் துளைகள், டிடெக்டருக்கு எதிர்ப்பக்கத்தவை. இந்த முரண்பாட்டில் தேர்வில் விழாதவர் குறைவு. ஒன்று மூட்டு, மற்றது துளை. இரண்டும் வெவ்வேறு திசையில் திறக்கின்றன என்று ஓர் எலும்புக்கூட்டின் முதுகெலும்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

செய்முறையில் அடிக்கடி நேரும் பிழை, தோளை மட்டும் திருப்பி இடுப்பை விட்டுவிடுவது. முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும், மேல்பாதி 45 டிகிரியிலும் கீழ்பாதி 20 டிகிரியிலும் இருக்கும். 45 டிகிரி ஸ்பாஞ்ச் ஒன்றைத் தோளுக்குக் கீழும் இன்னொன்றை இடுப்புக்குக் கீழும் கொடுங்கள்.

டெகுபிட்டஸ்: படுத்திருப்பதோடு முடிவதில்லை

ஒருக்களித்துப் படுத்தாலே டெகுபிட்டஸ் என்று நினைப்பது பொதுவான தவறு. ரேடியோகிராபியில் டெகுபிட்டஸ் என்றால் கதிர் தரைக்கு இணையாக, கிடையாகப் போக வேண்டும். பெயர் படுத்திருக்கும் பரப்பால் வருகிறது. இடப்பக்கம் படுத்திருந்தால் லெஃப்ட் லேட்டரல் டெகுபிட்டஸ், மல்லாந்திருந்தால் டார்சல் டெகுபிட்டஸ், குப்புற இருந்தால் வென்ட்ரல் டெகுபிட்டஸ்.

ஏன் கிடைக்கதிர்? காற்று மேலே போகும், நீர் கீழே தங்கும், இரண்டுக்கும் இடையே ஒரு நேர்க்கோடு உண்டாகும். அந்தக் கோட்டை அதற்கு இணையாகச் செல்லும் கதிரால் மட்டுமே பார்க்க முடியும். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் காற்றும் நீரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கோடு காணாமல் போகும். பாதி சாய்ந்த நோயாளிக்குக் கதிரையும் அதே அளவு சாய்த்தால் நீர்மட்டம் மங்கிவிடும். ஃபவுலரில் எடுத்த படத்தைக் குறித்து அனுப்பச் சொன்னது இதனால்.

குடல் ஓட்டையாகிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க, நிற்க முடியாதவருக்கு லெஃப்ட் லேட்டரல் டெகுபிட்டஸ். வலப்பக்கம் மேலே வருவதால் காற்று கல்லீரலின் ஓரமாக ஏறி நிற்கும். இரைப்பையிலுள்ள இயல்பான காற்றோடு கலந்து குழப்பாது. படுக்கவைத்த உடனே எடுக்காதீர்கள். குறைந்தது 5 நிமிடம், முடிந்தால் 10 முதல் 20 நிமிடம் அப்படியே இருக்கட்டும்; காற்று ஏற நேரம் வேண்டும். மேலே இருக்கும் உதரவிதானம் படத்துக்குள் வர வேண்டும், அதனால் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு 5 செ.மீ. மேலே கதிரின் மையம்.

மார்பில் நீர் சந்தேகம் என்றால் சந்தேகப்படும் பக்கம் கீழே. காற்று சந்தேகம் என்றால் அந்தப் பக்கம் மேலே. நீர் பார்க்கும்போது நோயாளி மெத்தையில் புதைந்தால், நீர் தங்கும் கீழ்விளிம்பே படத்தில் வெட்டுப்படும். உடலுக்கடியில் கெட்டியான ஸ்பாஞ்ச் வைத்து உயர்த்துங்கள்.

கழுத்தில் காலர் போட்ட விபத்து நோயாளிக்கு ஆளை அசைக்காமல் எடுக்கும் கழுத்து லேட்டரலும் டார்சல் டெகுபிட்டஸ்தான். கழுத்தின் கடைசி முதுகெலும்பான சி7, மார்பின் முதல் முதுகெலும்பான டி1 சேரும் இடம் தெரியாத படம் முடியாத படம்.

விரலால் தொட்டு அறியும் அடையாளங்கள்

உள்ளுறுப்பு கண்ணுக்குத் தெரியாது, எலும்பு மேடுகள் கைக்குத் தெரியும். எந்த மேட்டுக்கு நேரே எந்த முதுகெலும்பு என்று தெரிந்தால் மையம் வைத்துவிடலாம் (சி கழுத்து, டி மார்பு, எல் லம்பார், எஸ் அதற்குக் கீழுள்ள சேக்ரம்):

- காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்ட் நுனி: சி1
- கழுத்தைக் குனிந்தால் பின்னால் துருத்தும் எலும்பு: சி7
- தொண்டைக் குழி: டி2–டி3
- தோள்பட்டை எலும்பின் கீழ்முனை: டி7
- நெஞ்சுக்குழி எலும்பின் நுனி: டி9–டி10
- விலாக்கூட்டின் கீழ்விளிம்பு: எல்2–எல்3
- இடுப்பெலும்பின் மேல்விளிம்பு: எல்4–எல்5
- இடுப்பெலும்பின் முன்முனை, சீட்டுகளில் ஏ.எஸ்.ஐ.எஸ்.: எஸ்1–எஸ்2
- தொடையின் வெளிமேடு, கிரேட்டர் டிரோகான்டர்: பிறப்புறுப்பு மேட்டெலும்பின் மட்டம்

மார்பு பி.ஏ.வுக்கு மையம் டி7. சி7 மேட்டிலிருந்து பெண்களுக்கு சுமார் 18 செ.மீ., ஆண்களுக்கு சுமார் 20 செ.மீ. கீழே. வயிற்றுக்கு இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. தொந்தி உள்ளவருக்குத் தொப்புளை நம்பாதீர்கள், அது இடம் மாறும், எலும்பு மாறாது. இடுப்பு முழுவதற்கும் ஏ.எஸ்.ஐ.எஸ். மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே.

தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள், விரல்நுனியால் மட்டும். பிறப்புறுப்பு மேட்டெலும்பைத் தேடிக் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை; தொடையின் வெளிமேட்டைக் கண்டால் அதே மட்டம்தான். பெண் நோயாளிக்குப் பெண் பணியாளர் ஒருவர் உடனிருக்கட்டும்.

சாய்வு

செஃபலாட், காடாட் இரண்டையும் எந்தப் புரொஜெக்‌ஷனோடு சேர்ந்தது என்று சேர்த்தே மனதில் வையுங்கள். காறை எலும்புக்கு ஏ.பி.யில் 15 முதல் 30 டிகிரி செஃபலாட். அதே எலும்பை பி.ஏ.யில் எடுத்தால் 15 முதல் 30 டிகிரி காடாட். கதிர் எதிர்ப்புறத்திலிருந்து வருவதால் சாய்வும் திரும்பிவிடுகிறது. கழுத்து ஓப்ளிக்கிலும் இதே கதை: போஸ்டீரியர் ஓப்ளிக்குக்குச் செஃபலாட், ஆன்டீரியர் ஓப்ளிக்குக்குக் காடாட். ஆளைத் திருப்பிவிட்டு டியூபைத் திருப்ப மறப்பது புதியவர்கள் செய்யும் பிழை.

சிதறிய கதிரைத் தடுக்கும் கிரிட் இருந்தால் அதன் கோடுகள் ஓடும் திசையிலேயே சாய்க்க வேண்டும். குறுக்கே சாய்த்தால் கோடுகள் கதிரை வெட்டிப் படம் வெளிறிவிடும்.

அசைவுச் சொற்கள்

மடக்குவது ஃபிளெக்‌ஷன், நீட்டுவது எக்ஸ்டென்ஷன். உடலைவிட்டு விலக்குவது அப்டக்‌ஷன், சேர்ப்பது அடக்டக்‌ஷன் என்று சொல்லக் கேட்பீர்கள். சரியாக உச்சரித்தால் அடக்‌ஷன். சத்தம் போட்டு அறை கடந்து உத்தரவு சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோல் கேட்கும், அதனால் ‘விலக்கி’, ‘சேர்த்து’ என்று தமிழில் சொல்லிவிடுவது பாதுகாப்பு. பாதத்தை மேல்நோக்கி மடக்குவது டார்சிஃபிளெக்‌ஷன், கீழ்நோக்கி நீட்டுவது பிளான்டர் ஃபிளெக்‌ஷன். அடிப்பாதத்தை உட்பக்கம் திருப்புவது இன்வெர்ஷன், வெளிப்பக்கம் எவெர்ஷன்.

சூப்பினேஷன் என்றால் உள்ளங்கை மேலே, பிரோனேஷன் என்றால் உள்ளங்கை கீழே. ஃபோர்ஆர்ம் ஏ.பி.க்கு சூப்பினேஷன் கட்டாயம். கையைக் கவிழ்த்து எடுத்தால் ரேடியஸ் அல்னாவின் குறுக்கே ஏறிவிடும்.

அல்னார் டீவியேஷன் என்றால் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ப்பது. மணிக்கட்டிலுள்ள ஸ்கேஃபாய்ட் எலும்புக்கு இதைக் கேட்பார்கள். சாய்த்தால் அந்தச் சிறு எலும்பு பக்கத்து எலும்புகளின் நிழலிலிருந்து விடுபட்டு நீளமாகத் தெரியும்.

இடுப்பு ஏ.பி.யில் இரு பாதங்களையும் 15 முதல் 20 டிகிரி உட்பக்கம் திருப்புகிறோம். ஃபீமரின் கழுத்து இயல்பாகவே அந்த அளவு முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. திருப்பினால்தான் அது முழு நீளத்தில் தெரியும். படத்தில் ஃபீமரின் உட்பக்கச் சிறு மேடான லெஸ்ஸர் டிரோகான்டர் பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் பாதம் வெளிப்பக்கம் விழுந்திருந்தது என்று பொருள். ஆனால் கீழே விழுந்த முதியவரின் ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் கை வைக்காதீர்கள். அது முறிவாக இருக்கலாம், கிடக்கும்படியே எடுங்கள்.

மார்க்கரும் சரிபார்ப்பும்

வலம், இடம் காட்டும் ஈயத்தாலான ஆர், எல் மார்க்கரை எக்ஸ்போஷருக்கு முன்பே, கதிர் விழும் பரப்பைக் காட்டும் கொலிமேஷன் வெளிச்சத்துக்குள், உறுப்பை மறைக்காமல் வையுங்கள். ஏ.பி.யில் எழுத்து டியூபைப் பார்த்து இருக்கட்டும். பி.ஏ.யில் எழுத்து டிடெக்டரைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் காட்சிக்குத் திருப்பும்போது எழுத்து நேராக வரும். டெகுபிட்டஸில் மார்க்கர் மேலே இருக்கும் பக்கத்தில், மேல்நோக்கிய அம்புக்குறியோடு.

கணினியில் பிறகு எழுத்து போட்டுக்கொள்ளலாம் என்று விடுவதில் ஆபத்து இருக்கிறது. மெனுவில் பி.ஏ. என்று தேர்ந்தெடுத்துவிட்டு ஏ.பி. எடுத்தால், மென்பொருள் படத்தைத் தவறாகப் புரட்டிவிடக்கூடும். இதயம் வலப்பக்கம் தெரியும் படம், பிறவியிலேயே இதயம் வலப்பக்கம் உள்ளவருடையதா, புரண்ட படமா? ஈய மார்க்கர் இருந்தால் எழுத்தும் சேர்ந்து புரண்டு உண்மையைச் சொல்லிவிடும். பிறகு தட்டச்சு செய்த எழுத்துக்கு அந்தச் சாட்சியம் இல்லை.

மார்பு பி.ஏ. எடுக்கும்போது தோள்களை முன்னோக்கி உருட்டச் சொல்லுங்கள், தோள்பட்டை எலும்புகள் நுரையீரலைவிட்டு விலகும். ‘மூச்ச நல்லா இழுங்க, விடுங்க, மறுபடி இழுங்க, அப்படியே அடக்குங்க’: இரண்டாவது இழுப்பில்தான் நுரையீரல் நன்றாக விரியும். வயிற்றுக்கு மாறாக, ‘மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு நிறுத்துங்க’.

படம் வந்ததும் மூன்றைப் பாருங்கள். காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சமதூரத்தில் உள்ளனவா? இல்லையென்றால் ரொட்டேஷன். உதரவிதானத்துக்கு மேல் பின்புற விலா 10 எண்ண முடிகிறதா? எட்டில் நின்றால் மூச்சு போதவில்லை. நுரையீரலின் உச்சியும் கீழ் மூலைகளும் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா?

திரும்ப எடுக்க வேண்டியிருந்தால் பொத்தானைத் தொடும் முன் பிழையின் பெயரைச் சொல்லுங்கள்: ரொட்டேஷனா, மூச்சா, மையமா, சாய்வா. ரொட்டேஷன் என்றால் எந்தத் தோள் டிடெக்டரைவிட்டு விலகியிருந்தது என்று கண்டறிந்து அதை மட்டும் சரிசெய்யுங்கள். பெயர் வைக்காமல் ‘ஏதோ சரியில்லை’ என்று மறுபடி அழுத்தினால் அதே பிழை திரும்ப வரும், நோயாளிக்குக் கதிர் இரட்டிப்பாகும்.